பனியன் கம்பெனியில் அப்ரண்டிஸ்: கேள்வி பதில்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் தையல் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வேலையிலேயே தொழில் கற்பது, அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) சேர்வது, கல்லூரி இன்டர்ன்ஷிப் பற்றிக் கேளுங்கள்.

ஊத்துக்குளி வாசகி: அக்கா, பத்தாவது முடிச்சிருக்கேன். பக்கத்து கம்பெனியில அப்ரண்டிஸா வரச் சொல்றாங்க. மாசம் எவ்வளவு தருவாங்க?

2019-ல் திருத்திய விதியில் பத்தாவது முடித்தவருக்கு மாதம் 6,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று வைத்தார்கள். பன்னிரண்டாவது என்றால் 7,000. இது அடிமட்டம்தான், கூடத் தரும் கம்பெனிகள் உண்டு. ஒரு மாதத்துப் பணம் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அதில் 25 சதவீதத்தை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கிறது.

ஆனா கண்ணு, பணத்தைக் கேட்கறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்தைக் கேளு. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அது அரசு இணையதளத்தில் பதிவாக வேண்டும். பதிவு இல்லையென்றால் நீ அப்ரண்டிஸே இல்லை. குறைந்த கூலிக்கு வைத்துக்கொண்ட கைமடி ஆள் (டெய்லருக்கு உதவியாள்), அவ்வளவுதான்.

அவிநாசி மாணவி: பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் படிக்கிறேன் மேடம். ஒரு மாத இன்டர்ன்ஷிப்புக்கு மெர்ச்சண்டைசிங் கேட்கலாமா?

மாதிரி உடை தைக்கிற சாம்பிள் செக்ஷனைக் கேளுங்கள். மெர்ச்சண்டைசர் (ஆர்டர் தருபவருடன் பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்கிறவர்) பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு மாதமும் மெயிலையும் ஃபைலையும்தான் பார்ப்பீர்கள். சாம்பிள் செக்ஷனில் ஒரு டி-சர்ட் பேட்டர்ன் மாஸ்டர் மேசையில் ஆரம்பித்து, வெட்டி, ஓவர்லாக் மெஷினில் தோள் மூட்டி, கழுத்துக்கு ரிப் பட்டை வைத்து, பிளாட்லாக் மெஷினில் அடி மடித்து, அயர்ன் ஆகி, அளவு பார்க்கும் மேசைக்கு வருகிற வரைக்கும் உங்கள் கண்முன்னால் நடக்கும். ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) என்று ஒவ்வொரு கட்டத்திலும் பையர், அதாவது ஆர்டர் தருபவர், என்ன குறை சொன்னார், அதற்கு மாஸ்டர் பேட்டர்னில் எங்கே கை வைத்தார் என்று எழுதி வையுங்கள். அந்த நோட்டு நாளைக்கு நேர்முகத் தேர்வில் உங்களுக்காகப் பேசும்.

பின்னல் துணி சுருங்கும் என்பதைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அங்கே அது கணக்காகவே கைக்கு வரும். நீளத்தில் 5 சதவீதம் சுருங்குகிற துணியில், துவைத்த பிறகு 70 செ.மீ. நிற்க வேண்டுமென்றால் 70-ஐ 0.95-ஆல் வகுத்து 73.7 செ.மீ. வைக்க வேண்டும். தையலுக்கு விடுவது தனி. அடுத்த லாட் துணி வேறு அளவு சுருங்கலாம், அதனால் ஒவ்வொரு லாட்டையும் துவைத்து அளக்கிறார்கள். ரோலைப் பிரித்து ஆறப் போடாமல் வெட்டினால் பீஸ் கட்டிங் மேசையிலேயே சுருங்கும். பையருடன் பேசுவதற்கு முன்னால் இதையெல்லாம் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல மெர்ச்சண்டைசர் ஆவதற்கும் இதுதான் வழி.

பல்லடம் வாசகர்: பன்னிரண்டாவது முடித்தவருக்கு எவ்வளவு?

முதல் பதிலில் இருக்கிறது. ஒப்பந்தம் பற்றிச் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள்.

தாராபுரத்திலிருந்து ஒரு அப்பா: மகளுக்கு பதினாறு வயசு. மூணு வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி அப்ரண்டிஸ் வேலை பார்த்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார்.

அனுப்பாதீங்க அண்ணா. சுமங்கலித் திட்டம் என்று பேர் வைத்துக்கொண்டு பஞ்சாலைகளில் நடந்தது இதுதான். அப்ரண்டிஸ் பணம் மாதாமாதம் வர வேண்டிய பணம். கடைசியில் மொத்தமாகத் தருகிறேன் என்றால், நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வரும் பிள்ளை வெறுங்கையோடு வரும். அப்படி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த ஆள் வற்புறுத்தினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். படிப்பைத் தொடர வையுங்கள், இல்லையென்றால் பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் தையல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஈரோடு ஐ.டி.ஐ. மாணவர்: ஆறு மாசமா ஓவர்லாக்ல சைடு மட்டும் மூட்டறேன். இப்ப பீஸ் ரேட் தர்றேங்கறாங்க, கூட வரும். ஒத்துக்கலாமா?

கூடாது. சட்டத்தின் 13-ஆம் பிரிவே அப்ரண்டிஸுக்கு பீஸ் கணக்கில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று, பணம் தரக் கூடாது என்கிறது. உற்பத்தி போனஸ் திட்டத்திலும் அவரைச் சேரச் சொல்ல முடியாது. பீஸ் ரேட்டுக்குப் போனால் நீங்களே மெஷின் மாறக் கேட்க மாட்டீர்கள், ஏனென்றால் புது மெஷினில் உட்கார்ந்த அன்றைக்கு வருமானம் பாதியாகும். ஒரு வருடம் முடியும்போது சைடு மூட்ட மட்டும் தெரியும். ஆறு மாதம் ஒரே வேலை என்பதே தப்பு. உங்கள் பயிற்சித் திட்டத்தில் என்னென்ன மெஷின் எழுதியிருக்கிறது என்று பார்த்து, பிளாட்லாக்கையும் சிங்கரையும் (ஒற்றை ஊசி மெஷின்) கேளுங்கள்.

பவர்டேபிள் (கூலிக்குத் தைத்துத் தரும் தையல் கூடம்) உரிமையாளர்: ஏனுங்க மேடம், நாற்பது மெஷின் வச்சிருக்கேன். பழகற பையன் துணியக் கெடுப்பான், ஊசி ஒடிப்பான். எல்லா மெஷினும் பழக்கி விட்டா பக்கத்து கம்பெனிக்காரன் அம்பது ரூபா கூடக் கொடுத்துக் கூட்டிட்டுப் போயிருவான். செலவு மட்டும் எனக்கா?

உங்கள் வருத்தம் நியாயமானதுங்க. ஆனால் தொழில் தெரியாமல் வைத்திருந்தால் நிற்பான் என்று நினைக்காதீர்கள், அந்தப் பையனும் அம்பது ரூபாய்க்குப் போவான். சட்டத்தின் 22-ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் உங்களிடமே இத்தனை காலம், இந்தச் சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். எழுதினால் நீங்களும் வேலை தந்தே ஆக வேண்டும். காலமோ சம்பளமோ நியாயமில்லை என்றால் அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகர் அதைத் திருத்தலாம்.

கான்ட்ராக்ட் டெய்லர்: பீஸ் ரேட்லதான் நான் ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன். அதைத் தப்புங்கறீங்களா?

உங்களைச் சொல்லவில்லை அண்ணா. கை தேர்ந்தவருக்கு வேகம் சொத்து. பழகுகிறவருக்கு வேகம் முன்னால் வந்தால், துணியை இழுத்துத் தைக்கும் பழக்கம் கையில் ஏறிவிடும். பின்னல் துணியை இழுத்தால் தையல் அலை அலையாக நிற்கும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது புதிதாகச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கடினம்.

பவர்டேபிள் உரிமையாளர்: சரிங்க, ஆர்டர் அவசரத்துல லைனை எப்படி மாத்தறது?

லைனைக் கலைக்க வேண்டாம். ஷிப்மெண்ட் முடிந்து அடுத்த ஸ்டைல் ஏறுகிற இடைவெளியில் அப்ரண்டிஸை மட்டும் மாற்றுங்கள். முதலில் வேஸ்ட் துணி, அப்புறம் சாம்பிள், கடைசியாக லைன். நாலு மெஷின் தெரிந்த ஆள் இருந்தால், ஒருவர் லீவு போட்ட அன்றைக்கு உங்கள் லைன் நிற்காது. அந்த லாபமும் கணக்கில் வரட்டும்ங்க. ஓவர்டைம் மட்டும் அப்ரண்டிஸிடம் கேட்காதீர்கள், அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

கரூர் வாசகர்: டையிங் லேப்ல டிரெய்னிங் எப்படி இருக்கும்?

சாயம் எனக்குத் தெரியாத துறை. டையிங் மாஸ்டர் யாரையாவது கேளுங்கள்.

வாசகி: சர்டிபிகேட் வாங்கினா அதே கம்பெனியில வேலை உறுதியா?

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உறுதி. மற்றபடி அந்தக் கம்பெனியின் முடிவு.

வாசகர்: ஸ்டைபெண்ட் எவ்வளவு மேடம்?

மூன்றாவது முறை வருகிறது. மேலே பாருங்கள்.

ஊத்துக்குளி வாசகி: அக்கா, விரல்ல ஊசி ஏறினா யார் பொறுப்பு? முதல் நாள் எதைக் கவனிக்கணும்?

வேலையில் அடிபட்டால் இழப்பீடு தர வேண்டியது கம்பெனி. அப்ரண்டிஸுக்கும் சட்டம் அதைச் சொல்கிறது. முதல் நாள் துப்பட்டாவைப் பின் குத்திக்கோ, முடியை ஏற்றிக் கட்டு. மெஷினில் ஊசிக் கார்டு (விரலை ஊசியிலிருந்து காக்கும் தடுப்பு) இருக்கான்னு பார், கழட்டி வெச்சிருந்தா மாட்டச் சொல்லிட்டு உட்காரு. நூல் கோக்கும்போது ஸ்விட்சை அணைச்சிடு. ஊசி ஒடிஞ்சா எல்லாத் துண்டையும் தேடி எடுத்து சூப்பர்வைசர்கிட்ட கொடு. ஒரு துண்டு கிடைக்காட்டியும் மறைக்காதே, அந்தத் துணியைப் போடப் போறது ஒரு குழந்தையா இருக்கலாம்.