பெட்டி நிறையப் பழைய படங்கள், பெயர்தான் இல்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பாட்டி காலமான பிறகு அவருடைய பெட்டியில் 200-க்கும் மேற்பட்ட பழைய புகைப்படங்கள் கிடைத்தன. பாதிக்கு மேல் பின்புறம் எதுவும் எழுதப்படவில்லை. சில படங்கள் ஆல்பத்தோடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கின்றன. அந்தத் தலைமுறையை நேரில் அறிந்தவர் 80 வயதைக் கடந்த என் பெரியம்மா ஒருவர்தான். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முடித்துவிட்டு அவரிடம் காட்டலாம் என்றிருக்கிறேன். முகத்தை அடையாளம் காணும் செயலிகள் உதவுமா?

பதில்: உங்கள் திட்டத்தைத் தலைகீழாக்குங்கள். பெரியம்மா முதலில், ஸ்கேனர் பிறகு. ஈரமும் வெயிலும் படாமல் வைத்திருந்தால் கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் பல பத்தாண்டுகள் தாங்கும். முதியவரின் நினைவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. காட்டுவதற்குக் கைபேசியில் எடுத்த நகல் போதும். பெரிய திரையில் விரலால் விரித்துக் காட்டினால், பார்வை மங்கியவருக்கு மூலப்படத்தைவிட அதுவே நன்றாகத் தெரியும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. படங்கள் கிடந்த அடுக்கைக் கலைக்காதீர்கள். எந்த உறையில் எது எதனோடு இருந்தது, ஆல்பத்தில் எது எதன் பக்கத்தில் இருந்தது என்பதெல்லாம் துப்புகள். பெயர் தெரியாத ஒருவரின் படம் ஒரு திருமணப் படத்தோடு ஒரே உறையில் இருந்தால், தேடலை அந்தக் குடும்பத்தில் தொடங்கலாம். நிறமும் அளவும் பார்த்துப் பிரித்து அடுக்கிவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். ஆகவே உறைகளையும் ஆல்பப் பக்கங்களையும் இருந்தபடியே படம் பிடித்துவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். மூன்றாவது உறையின் ஏழாவது படம் 3-07. படத்தைச் சுத்தமான தட்டைப் பரப்பில் கவிழ்த்து, பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா கூடவே கூடாது. அதன் தடம் முன்பக்கம் புடைத்துக்கொண்டு வரும். பிற்காலத்துப் பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது. அவற்றைத் தனித்தனிக் காகித உறையில் இட்டு உறைமேல் எழுதுங்கள்.

இனி பெரியம்மா. “இது யார்?” என்று ஆரம்பிக்காதீர்கள். பெயர் நினைவுக்கு வராவிட்டால் அவருக்குச் சங்கடமாகிவிடும். சங்கடத்தில் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிட்டால், அதுவே உங்கள் குடும்ப வரலாறாக நிலைத்துவிடும். “இது சின்னத் தாத்தாதானே?” என்று நீங்களே பெயரை எடுத்துக் கொடுப்பது அதைவிட மோசம். ஆமாம் என்று அவர் தலையசைத்தாலும் அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. சுற்றி வளைத்துக் கேளுங்கள். இது எந்த வீடு? இந்த நாற்காலி யார் வீட்டில் இருந்தது? இவர்களில் மூத்தவர் யார்? அப்போது நீங்கள் எந்த வகுப்பில் படித்தீர்கள்? இடமும் பொருளும் நினைவுக்கு வந்துவிட்டால் பெயர் பின்னாலேயே வரும்.

நான் தவறாமல் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: “இந்தப் படத்தில் இருந்திருக்க வேண்டியவர்களில் யார் இல்லை?” வீட்டில் எடுத்த படமென்றால், இல்லாதவர் பெரும்பாலும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர். தரையில் அவருடைய நிழல்கூட விழுந்திருக்கும். கேமரா யாரிடம் இருந்தது, எந்த ஆண்டுகளில் இருந்தது என்று தெரிந்துவிட்டால், அதே அளவிலும் அதே தாளிலும் உள்ள ஒரு கட்டுப் படங்களுக்கே காலம் கிடைத்துவிடும்.

ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து படங்களுக்கு மேல் வேண்டாம். அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த படத்திலிருந்து தொடங்குங்கள். அவருடைய அனுமதியோடு குரலைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு படத்தையும் காட்டும்போது “இப்போது மூன்று, ஏழு” என்று எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், பதிவைக் கேட்கும்போது “இவள் அவனுக்கு அக்கா” என்ற வாக்கியம் எந்தப் படத்தைப் பற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஐயமான படங்களைச் சில வாரம் கழித்து, முன்பு சொன்னதை நினைவூட்டாமல் மறுபடி காட்டுங்கள். மற்ற உறவினர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாக உட்கார்ந்தால் குரல் ஓங்கியவர் சொன்னதே தீர்ப்பாகிவிடும்.

யாருக்கும் தெரியாத படங்களுக்கு முதலில் காலத்தை நிர்ணயிக்க வேண்டும். பெட்டியின் அடியில் உலோகத் தகடோ கெட்டி அட்டையோ கிடைத்தால் அவை மிகப் பழையவையாக இருக்கலாம். கண்ணாடிபோல் மின்னும், வெள்ளி பூசிய செப்புத் தகடு, 1839-இல் அறிவிக்கப்பட்ட டாகுரோடைப் முறையைச் சேர்ந்தது. காந்தம் ஒட்டும் இரும்புத் தகடு என்றால் டின்டைப். அதற்கு 1856-இல் காப்புரிமை கிடைத்தது. ஏறத்தாழ 6 × 10 சென்டிமீட்டர் அட்டையில் ஒட்டிய சிறு படங்களின் முறைக்கு 1854-இல் பாரிஸில் டிஸ்டெரி என்ற புகைப்படக்காரர் காப்புரிமை பெற்றார். 11 × 16.5 சென்டிமீட்டர் அளவுள்ள ‘கேபினட்’ அட்டைகள் 1860-களின் நடுவிலிருந்து பரவின. மற்றபடி பெரும்பாலானவை 20-ஆம் நூற்றாண்டின் ஜெலட்டின் படங்களாகவே, அதாவது வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூசிய தாளில் அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படங்களாகவே இருக்கும். கறுத்த பகுதிகளின் ஓரத்தில் நீலமாக மினுங்கும் வெள்ளிப் படலம் அவற்றில் வயதின் அடையாளம்.

வெள்ளை ஓரத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருந்தால், அது படம் கழுவப்பட்ட தேதி. எடுத்த தேதி அதற்கு முந்தையதாகவே இருக்கும். ஃபிலிம் மாதக்கணக்கில் கேமராவிலேயே கிடந்திருக்கலாம். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பார்ப்பதும் பயன்படும். தாள் பளிச்சென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால், அது 1950-களிலோ அதற்குப் பிறகோ தயாரான தாள். ஒளிராவிட்டால் பழையது என்று அர்த்தமில்லை.

தாளின் வயதும் படத்தின் வயதும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 1910-இல் எடுத்த படத்தை 1960-இல் மறுபடி படம் பிடித்து உறவினர்களுக்குப் பிரதி கொடுத்திருப்பார்கள். கண்டுபிடிப்பது எளிது. படத்தில் மடிப்பும் கீறலும் தெரியும். விரல் நுனியால் ஓரத்தை மெல்லத் தொட்டால் தாள் வழவழவென்று இருக்கும். கீறல் மூலப்படத்தில் இருந்தது, உங்கள் கையில் இருப்பது நகல். மூலம் வேறு வீட்டில் இன்னும் இருக்கக்கூடும்.

காலத்தைக் கணிக்கத் தாளைவிட நல்ல கருவி, படத்தில் இருக்கும் குழந்தை. பெரியவர்களின் வயதை மதிப்பிடுவதில் 15 ஆண்டுகள்கூடத் தவறலாம். கைக்குழந்தையின் வயதில் சில மாதங்களுக்கு மேல் தவற முடியாது. உதாரணமாக, ஒரு கூட்டுப் படத்தில் தாயின் மடியில், தானே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் குழந்தை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 1938 மார்ச்சில் பிறந்த உங்கள் மாமா என்பது உறுதியானால், படம் 1938 கடைசியிலோ 1939 தொடக்கத்திலோ எடுத்தது. 1936-இல் இறந்துபோன கொள்ளுப்பாட்டி அதில் இருக்க முடியாது. ஆக, நடுவில் அமர்ந்திருக்கும் மூதாட்டி வேறொருவர். குழந்தையின் தந்தைவழியில் தேடிப் பார்க்க வேண்டும். ஒரு குழந்தை இப்படிப் பத்துப் பேரின் கணக்கைச் சரிசெய்துவிடும். குழந்தை யார் என்பதே ஊகமாக இருந்தால் மட்டும் மொத்தக் கணக்கும் சரிந்துவிடும்.

முகங்களை ஒப்பிடும்போது காதைப் பாருங்கள். முடி கொட்டும், கன்னம் ஒட்டும், காதும்கூட வயதோடு சற்று நீளும். ஆனால் காதின் மடிப்புகளும், மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா என்பதும் பெரிதாக மாறுவதில்லை. ஒரே கோணத்தில் எடுத்த படங்களையே ஒப்பிடுங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருந்தால் இடம் வலமாகிவிடும். பின்னால் உள்ள எழுத்தையும் சட்டைப் பொத்தான்களையும் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

பின்புறத்தில் எழுத்து இருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். யார் கையெழுத்து என்று பழைய கடிதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படம் எடுத்துப் பல ஆண்டுகள் கழித்து, நினைவிலிருந்து எழுதியிருப்பார்கள். தமிழில் எழுதியிருந்தால், லை, னை, றா போன்றவற்றின் வடிவத்தைக் கவனியுங்கள். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் பரவிய வடிவங்கள் இருந்தால், அந்தக் குறிப்பு அதற்கு முன்பு எழுதப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு. பழைய வடிவத்தை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது; அப்படி எழுதிப் பழகியவர்கள் கடைசிவரை அப்படியே எழுதினார்கள்.

செயலிகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரே ஆளின் படங்களை ஒன்றுசேர்க்க அவை உதவும். அக்கா தங்கையையும் தாய் மகளையும் குழப்பிக்கொள்ளும். ஆகவே அவை சொல்வதைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள். மங்கிய முகத்தைத் ‘தெளிவாக்கும்’ செயலிகளிடம்தான் எனக்குக் கடும் மறுப்பு. படத்தில் இல்லாத கண்ணிமையையும் பல்வரிசையையும் அவை ஆயிரக்கணக்கான வேறு முகங்களிலிருந்து கற்றதை வைத்து இட்டு நிரப்புகின்றன. வருவது அழகான முகம்தான், ஆனால் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் முகம் அல்ல. அதைக் காட்டிப் பெரியம்மாவிடம் அடையாளம் கேட்காதீர்கள். வண்ணம் ஏற்றிய நகலில் உள்ள உடையின் நிறமும் ஊகமே.

ஆல்பத்தில் ஒட்டிய படங்களை இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் விரிப்பும் பசைத் தாளும் கொண்ட ஆல்பங்கள் 1970-களில் பெருகின. அந்தப் பசை காலப்போக்கில் இறுகிவிடும். முதலில் பக்கத்தோடு படம் பிடியுங்கள். பிறகு மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்தின் பின்னே நுழைத்து, முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்துங்கள். முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். நீர், சூடு இரண்டும் வேண்டாம். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதைக் கண்ணாடியோடே ஸ்கேன் செய்யலாம். வினிகர் வாடை வீசும் நெகட்டிவுகளைத் தனியே பிரித்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். அந்த ஆவி மற்றவற்றையும் அரிக்கும். 1950-களுக்கு முந்தைய நெகட்டிவ் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட்டாக இருக்கலாம். வெப்பமில்லாத இடத்தில் வைத்துவிட்டு, ஆவணக் காப்பில் தேர்ந்தவரிடம் காட்டுங்கள்.

ஸ்கேன் செய்வதற்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். தீப்பெட்டி அளவுப் படங்களுக்கு 1200. கறுப்பு வெள்ளையையும் வண்ண முறையில், தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். பின்புறத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள்.

பெயர்களைப் பதியும்போது “அத்தை” என்று எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். உங்கள் பேரனுக்கு அது யாருடைய அத்தை என்று எப்படித் தெரியும்? முழுப்பெயர், பிறந்த ஆண்டு, யாருக்கு என்ன உறவு, அடையாளம் சொன்னது யார், எந்த நாளில் சொன்னார் என்று எழுதுங்கள். ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வரும் குடும்பங்களில் பிறந்த ஆண்டு இல்லாத பெயரால் பயனில்லை. கூடவே உறுதி, பெரும்பாலும், ஊகம் என மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். இந்தக் குறிப்பைக் கோப்பின் விவரப் பகுதியிலும் ஏற்றுங்கள். செய்தி செயலி வழியாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். அனுப்பும் நகலில் படத்துக்குக் கீழே வெற்றிடம் விட்டுப் பெயர்களை அதிலேயே எழுதி அனுப்புங்கள்.

எஞ்சியவற்றை ஐந்தாறு படங்களாக உறவினர்களுக்கு அனுப்பி, “யாரென்று தெரிகிறதா?” என்பதோடு “இதே படம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் பின்புறத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள்” என்றும் கேளுங்கள். ஸ்டுடியோப் படங்களைப் பல பிரதிகள் எடுத்து வீடு வீடாகக் கொடுத்திருப்பார்கள். உங்கள் பிரதியில் இல்லாத பெயர் இன்னொரு வீட்டுப் பிரதியில் இருக்கும். உயிரோடு இருப்பவர்களின் படத்தையும், முதல் திருமணம், தத்தெடுப்பு போன்ற பேசப்படாத செய்திகள் வெளிப்படும் படங்களையும் பொதுவில் போடுவதற்கு முன் உரியவரிடம் தனியே கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் போடாதீர்கள். எண்ணும் குறிப்பும் மட்டும் உங்கள் பதிவேட்டில் இருக்கட்டும்.