2147483647: கேள்வி பதில்

இன்று ஒரே ஓர் எண்தான். 31 இரண்டுகளைப் பெருக்கி அதில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

கேள்வி: சார், இலக்கங்களைக் கூட்டினா 46 வருது, அதனால 3ஆல வகுபடாது. ஆனா இது பகா எண்தான்னு எப்படி உறுதியாச் சொல்றது?

பதில்: இதன் வர்க்கமூலம் 46,341க்குச் சற்றுக் குறைவு. அதுவரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே நாலாயிரத்துக்கு மேல்! 1772இல் இதைப் பகா எண் என்று நிறுவிய கணித மேதை ஆய்லர் அத்தனையையும் வகுக்கவில்லை. இதற்குப் பகாக் காரணி என்று ஒன்று இருந்தால், அதை 62ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63. அந்த எல்லைக்குள் அப்படிப்பட்டவை, 1ஐயும் 63ஐயும் விட்டால், 372தான். அதிலும் 249 (3 × 83) போன்ற பகு எண்களைத் தள்ளிவிடலாம். மிச்சமிருந்த ஒன்றுகூட இதை வகுக்கவில்லை. அப்போது ஆய்லருக்குப் பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

கேள்வி: 62 எங்கிருந்து முளைத்தது?

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். காரணியை ப என்போம். 2இன் 31ஆம் அடுக்கை ப-ஆல் வகுத்தால் மீதி 1. ஃபெர்மாவின் தேற்றப்படி, ப−1ஆம் அடுக்குக்கும் மீதி 1. 31 பகா எண். ஆகவே ப−1ஐ 31 வகுத்தே தீர வேண்டும். ப ஒற்றைப்படை என்பதால் ப−1 இரட்டைப்படை. அதனால் 62. எட்டின் கதை நீளம், இன்னொரு நாள்.

கேள்வி: 2இன் அடுக்கு பகா எண்ணா இருந்தாலே, அதுல ஒன்றைக் கழிச்சா வர்றதும் பகா எண்ணாயிடுமாண்ணா?

பதில்: ஆகாது தம்பி. அடுக்கு 11ஐ எடுத்துப் பார்: 2047 = 23 × 89. 29உம் ஏமாற்றும்: 233 × 1103 × 2089.

கேள்வி: புரோகிராம் எழுதும்போது இந்த எண் அடிக்கடி கண்ணில் படுகிறதே?

பதில்: கணினி ஓர் எண்ணை 32 பிட்டில் (0 அல்லது 1 என்ற இலக்கங்களில்) வைக்கும்போது, ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போனால் மிச்சம் 31, எல்லாமே ஒன்றாக இருந்தால் இந்த எண். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இப்படி எண்ணும் பழைய கணினிகளுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07க்கு எல்லை முடிகிறது. அடுத்த நொடி 1901க்குத் தாவிவிடும்.

கேள்வி: இதிலிருந்து ஒரு செவ்விய எண்ணும் கிடைக்குமாமே?

பதில்: ஆம். 2இன் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128. தன்னைத் தவிர்த்த வகுத்திகளையெல்லாம் கூட்டினால் அதே எண். இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811இல் ஆங்கிலக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ எழுதினார். பயனில்லாத ஒன்றை யார் தேடுவார்கள் என்பது அவர் எண்ணம். பாவம், தேடுகிறவர்கள் இன்றும் ஓயவில்லை.

கேள்வி: இப்பவும் நூற்றுக்கணக்கில் வகுக்கணுமா?

பதில்: வேண்டாம். இப்படிப்பட்ட எண் பகா எண்தானா என்று பார்க்க லூகா–லேமர் சோதனை இருக்கிறது. 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். இதையே 29 முறை (அடுக்கைவிட இரண்டு குறைவு) செய்தால் மீதி 0 வரும்; அப்படி வந்தால் பகா எண். முதலில் சின்னதாக 31க்கு, அதாவது அடுக்கு 5க்கு, மூன்று முறை செய்து பாருங்கள்: 4, 14, 8, 0.