ஹயசிந்த் கிழங்கை வீட்டுக்குள் தண்ணீரில் வளர்க்கக் கண்ணாடி ஜாடி வடிவமைக்கிறேன். எதில் அதிகக் கவனம் வேண்டும்?

கழுத்தில்தான். முதலில் அதை வரையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஹயசிந்த் என்ற பூச்செடியின் கிழங்கு பார்வைக்குப் பெரிய வெங்காயம்தான். வேர் இறங்கும் அடிப்பகுதி தண்ணீரில் ஊறிக்கொண்டே இருந்தால் அழுகிவிடும். தண்ணீர் ரொம்பக் கீழே போனால் இளம் வேருக்கு எட்டாது. அதனால் மேலே கிழங்கு உட்கார ஒரு கிண்ணம், நடுவில் ஒடுங்கிய கழுத்து, கீழே தண்ணீர். தண்ணீர் மட்டம் கிழங்குக்குச் சில மில்லிமீட்டர் கீழே நின்றால் போதும்.

அளவில் ஏமாந்துவிடாதீர்கள். டச்சுக் கிழங்குப் பைகளில் 17/18 என்று போட்டிருப்பது சென்டிமீட்டரில் சுற்றளவு. விட்டம் என்று பார்த்தால் ஐந்தரை செ.மீ. சுமார்தான். நானாக இருந்தால் கழுத்தை 4 செ.மீ.க்கு மேல் விடமாட்டேன். விட்டால் சின்னக் கிழங்கு உள்ளே நழுவிவிடும்.

அடுத்தது கனம். பூங்கொத்து விரிந்ததும் தலை பாரமாகிச் சாயப் பார்க்கும். பழைய டச்சு ஜாடிகள் உயரமாக, ஒல்லியாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பர்மிங்ஹாமின் ஜார்ஜ் பியர்சி டை என்பவர் அடி பருத்த, குட்டையான வடிவத்தைக் கொண்டுவந்தார். இன்றும் அந்த வடிவம் அவர் பெயரில்தான் வழங்குகிறது. கண்ணுக்கு எனக்கு உயரமானதுதான் பிடிக்கும். ஆனால் பூனை உலாவும் ஜன்னல் விளிம்பில் டையின் வடிவத்தைத்தான் வைப்பேன்.

பலரும் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஹயசிந்த் வேர் கிளை விடாது, முனை ஒடிந்தால் அந்த வேர் அதோடு சரி. ஆகவே கிழங்கைத் தூக்காமலே தண்ணீர் ஊற்ற வழி வேண்டும். கிண்ணத்தின் உட்சுவரில் ஒரு பக்கம் சின்னப் பள்ளம் விட்டாலே போதும். கழுத்தின் உட்புறத்தில் கூரான விளிம்பு எதுவும் இருக்கக் கூடாது.

நிறமா? விக்டோரியா காலத்தில் நீலம், ஊதா, பச்சை எல்லாம் ஓடின. வேருக்கு வெளிச்சம் ஆகாது என்ற நம்பிக்கை. (தண்டு நீளட்டும் என்று கிழங்கின் மேல் கூம்பு வடிவக் காகிதத் தொப்பி கூட மாட்டினார்கள்.) நிறம் இல்லாத கண்ணாடியிலும் வேர் நன்றாகவே இறங்கும், அடர்நிறத்தில் பாசி குறையும், அவ்வளவுதான். வேரைப் பார்க்கத்தானே கண்ணாடி? என் ஓட்டு நிறமில்லாததற்கு.

உயரத்தை முடிவு செய்யும் முன் ஃப்ரிட்ஜ் தட்டை அளந்துகொள்ளுங்கள். கிழங்கு 10 முதல் 14 வாரம் வரை இருட்டில், 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூ இலைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். குளிரான நிலவறை இல்லாத வீட்டில் அந்தக் காலம் முழுக்க ஜாடிக்கு ஃப்ரிட்ஜில்தான் இடம். பக்கத்தில் ஆப்பிள் வேண்டாம், அது விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும்.

முதல் மாதிரியைச் சோதிக்க அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால் பேப்பர்வைட் நார்சிசஸ் என்ற இன்னொரு பூச்செடியின் கிழங்கை வாங்குங்கள், அதற்குக் குளிர் தேவையில்லை. ஹயசிந்த் கிழங்கைத் தொடும்போது மட்டும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குக் கை பயங்கரமாக அரிக்கும்.