நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட்டை விழுங்கினால் ஏன் கேட்கவில்லை?

நெஞ்சுவலி வந்த அப்பாவுக்குச் சார்பிட்ரேட்டை (இரத்தக் குழாய்களை விரித்து நெஞ்சுவலியைத் தணிக்கும் மாத்திரை) தண்ணீரோடு விழுங்கக் கொடுத்தும் வலி குறையவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதைத் தண்ணீரோடு விழுங்கக் கூடாது. அந்த 5 மில்லிகிராம் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அரை மணி நேரமாகியும் வலி குறையாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வயிற்றுக்குப் போன மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடும். ஆனால் அது மாரடைப்பாகவும் இருந்திருக்கலாம். வலி நின்றுவிட்டாலும் இன்றே ஈ.சி.ஜி. எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அட்டையில் காலாவதி தேதியைப் பாருங்கள். கொடுக்கும்போது அவரை உட்காரவையுங்கள். நின்றால் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழக்கூடும். இரத்த அழுத்தத்தின் மேல் அளவு (சிஸ்டாலிக்) 90க்குக் கீழே இருந்தால் கொடுக்க வேண்டாம். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் (வயாக்ரா) வகை மாத்திரை எடுத்திருந்தாலும் கூடவே கூடாது. அப்பாவிடம் இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், கேட்டுவிடுங்கள்.

5 நிமிடத்தில் வலி தணியாவிட்டால் உடனே 108.