ஐந்தாம் நாள் டெஸ்ட் நெகட்டிவ்... நம்பலாமா?

கேள்வி: பத்து நாட்களுக்கு முன், புதிதாகப் பழகிய பெண்ணுடன் உறவு கொண்டபோது ஆணுறை கிழிந்துவிட்டது. ஐந்தாம் நாள் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். இப்போது தொண்டை வலி, அசதி. தூக்கமே வருவதில்லை. அந்த ரிசல்ட்டை நம்பலாமா?

பதில்: அந்த நெகட்டிவ் பொய்யில்லை. ஆனால் அது சொல்வது, அந்தச் சம்பவத்துக்குச் சில வாரங்கள் முன்புவரை உங்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியிருக்கவில்லை என்பதை மட்டும்தான். கிருமி உடலுக்குள் போனாலும் டெஸ்ட்டில் தெரியச் சில வாரங்கள் ஆகும். இதைத்தான் 'விண்டோ பீரியட்' என்கிறோம். கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் என்றால் 45 நாள் முடிந்ததும் எடுங்கள். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரேபிட் டெஸ்ட் என்றால் 90 நாள் பொறுக்க வேண்டும். டெஸ்ட் எடுக்கப் போகும்போது அது எந்த வகை என்று கட்டாயம் கேளுங்கள்.

உங்கள் பயம் உண்மையான ஆபத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. சிகிச்சை எடுக்காத, எச்.ஐ.வி. உள்ள பெண்ணுடன் யோனி வழி உறவு என்றாலே, ஒருமுறையில் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-இல் சுமார் 4. அந்தப் பெண்ணுக்குத் தொற்று இருக்கிறது என்பதற்கே உங்களிடம் ஆதாரம் இல்லை. தொண்டை வலி, அசதியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சாதாரண சளிக்கும் அது வரும், தூக்கம் கெட்டாலும் வரும்.

தடுப்பு மாத்திரையான 'பெப்' 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டியது. உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. இதே நிலையில் நேற்று மாட்டிக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால், டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சரி, எல்லோரும் எச்.ஐ.வி.யையே நினைத்துக்கொண்டு மறந்துவிடுவது கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினை நோய்களை. இவை அதைவிட எளிதாகத் தொற்றும். ஆண்களுக்குக் கிளமிடியா பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. இரண்டு வாரம் ஆனதும் சிறுநீர் டெஸ்ட் எடுங்கள். அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வருவதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். பலர் வழக்கமான பரிசோதனை என்று நினைத்து நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுக்கிறார்கள். அதில் கிருமி குறைவாக இருப்பதால் தொற்று தெரியாமல் போகலாம். பயத்தில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், டெஸ்ட் ரிசல்ட்டே குழம்பிவிடும்.

சிபிலிஸ் என்ற இன்னொரு பால்வினை நோய்க்கான ரத்த டெஸ்ட்டை 45-ஆம் நாள் ஒருமுறையும் 90-ஆம் நாள் ஒருமுறையும் எடுங்கள். இடையில் ஆணுறுப்பில் வலியில்லாத புண் வந்தால், தானே ஆறிவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசி போட்டதில்லை என்றால் இந்த வாரமே டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

வாய் வழி, ஆசன வாய் வழி உறவும் இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். தொண்டையிலும் ஆசன வாயிலும் உள்ள தொற்று சிறுநீர் டெஸ்ட்டில் தெரியாது, அங்கிருந்து தனியாக மாதிரி எடுக்க வேண்டும். அப்புறம், எல்லா ரிசல்ட்டும் வரும்வரை, மனைவியோ காதலியோ யாராக இருந்தாலும், ஆணுறை இல்லாமல் வேண்டாம்.