டாமின் பணம் எங்கிருந்து வந்தது?

வணக்கம் அக்கா,

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி நாவல் படிக்கிறோம். இந்த மாதம் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி'. டெய்ஸிக்காக மோதிக்கொள்ளும் இரண்டு பணக்காரர்களில் யார் மேல் என்ற பேச்சு சண்டையில் முடிந்தது. நான் கேட்ஸ்பி பக்கம். என் தோழியோ, "டாம் கெட்டவனாகவே இருக்கட்டும். கட்டிய கணவன், பரம்பரைப் பணக்காரன், கௌரவமான பணம். கேட்ஸ்பி கள்ளச்சாராயக்காரன்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. டெய்ஸியை உண்மையில் நேசித்தவன் யார்? அவள் யாரோடு போயிருந்தால் நன்றாக இருந்திருப்பாள்? ஆங்கிலத்தில் திணறுகிறவர்கள் இதை எப்படிப் படிப்பது?

செந்தூல் வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஆங்கிலம் கஷ்டம் என்கிறாய். மொத்தம் ஒன்பதே அத்தியாயம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், வந்துவிடும். டெய்ஸி யாரோடு போயிருக்க வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. அவளை எந்த வீட்டில் குடிவைப்பது என்று நீங்களும் ஏன் அந்த இரண்டு ஆண்களைப் போலவே யோசிக்கிறீர்கள்? நேசித்தவன் கேட்ஸ்பிதான். ஆனால், டாமை ஒருநாளும் நேசிக்கவில்லை என்று அவள் வாயாலேயே சொல்லச் சொல்லி நெருக்கினானே, அது அவள் வாழ்ந்த மூன்று வருடத்தை இல்லையென்று ஆக்கும் வேலை. டாம் கல்யாணத்துக்கு முந்தின நாள் 350,000 டாலர் முத்துமாலை போட்டவன். தேனிலவின் ஈரம் காய்வதற்குள் ஹோட்டல் பணிப்பெண்ணோடு காரில் போய் விபத்தில் மாட்டியவனும் அவனே. போதும்.

உன் தோழி சொன்ன அந்த 'கௌரவமான பணம்' என்னைத் தூங்கவிடவில்லை. பினாங்கில் நான் மாலையில் நடக்கப் போவது ஜாலான் சுல்தான் அகமட் ஷா வழியாக. பழைய ஆட்கள் இன்னமும் நார்தம் ரோடு என்பார்கள். கடலைப் பார்த்து நிற்கும் மாளிகைகளின் வாசலில் சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொள்வார்கள். அக்காலத்தில் இந்த ஊருக்குப் பணம் ஈயத்தில் வந்தது, ரப்பரில் வந்தது, கப்பலில் வந்தது, அபினியிலும் வந்தது. அபினி விற்கும் உரிமையை ஆங்கிலேய அரசாங்கம் குத்தகைக்கு விட்டது. எடுத்தவர்கள் ஊரின் பெரிய மனிதர்கள். 1910-இல் குத்தகையை ஒழித்துவிட்டு அரசாங்கமே விற்க ஆரம்பித்தது. எல்லாம் சட்டப்படி. புகைத்து உருக்குலைந்தவன் கூலிக்காரன். அந்தப் பணத்தைக் கள்ளப்பணம் என்று சொல்ல இன்றைக்கும் யாருக்கும் நாக்கு எழவில்லை.

இப்போது நாவலுக்கு வா. டாம் புக்கானனின் பணம் எங்கிருந்து வந்தது? தேடிப் பார். குடும்பம் பெரும் பணக்காரக் குடும்பம், போலோ குதிரைகளைக் கூட்டமாகக் கொண்டுவந்தான், யேல் பல்கலைக்கழகத்தில் படித்தான், அமெரிக்கக் கால்பந்து ஆடினான். அவ்வளவுதான். தாத்தா என்ன விற்றார், யார் வயிற்றில் அடித்தார், ஒரு வரி கிடையாது. கேட்ஸ்பியின் பணத்தைப் பற்றியோ விருந்துக்கு வந்து அவன் சாம்பேனைக் குடிக்கிறவன்கூட வதந்தி பேசுகிறான். கொலைகாரன் என்கிறார்கள், ஜெர்மன் உளவாளி என்கிறார்கள். புதுப் பணக்காரனிடம் மட்டும்தான் கணக்குக் கேட்கிறார்கள்.

ஏழாம் அத்தியாயத்தைப் பொறுமையாகப் படி. 1922-ஆம் வருடக் கோடை. மதுவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்து இரண்டு வருடம் கடந்துவிட்டது. விற்பதும் குற்றம், கொண்டுபோவதும் குற்றம். பிளாசா ஹோட்டல் அறையில் டாம் எழுந்து, நீயும் உன் கூட்டாளியும் சந்துபொந்து மருந்துக்கடைகளை வாங்கிச் சாராயம் விற்றவர்கள் என்று கேட்ஸ்பியின் முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிறான். எல்லாரும் ஆடிப்போகிறார்கள். உன் தோழியும் ஆடிப்போயிருக்கிறாள். அதே அறையில் மேசைமேல் என்ன இருக்கிறது? விஸ்கி. வீட்டிலிருந்து துண்டில் சுற்றி எடுத்துவந்தவன் யார்? டாம். இரண்டாம் அத்தியாயத்தில் கள்ளக்காதலி மேர்ட்டலுக்கு எடுத்துக்கொடுத்த வீட்டில், பூட்டிய அலமாரியைத் திறந்து விஸ்கி புட்டியை எடுத்து வைக்கிறவன் யார்? அவனேதான். வாங்குகிறவன் கையில் அது பானம், விற்கிறவன் கையில் மட்டும் குற்றமா?

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. செபராங் பிறையில் நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஓர் அத்தை சம்சு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சி விற்றார். கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள், விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பால்மரம் சீவி வரும் சம்பளம் பத்தாது. தோட்டத்துக் கிராணி என்ற எழுத்தர் வீட்டுக்குப் பொழுது சாய்ந்ததும் ஒரு புட்டி போகும். அத்தையின் மூத்த பையன்தான் சட்டைக்குள் வைத்து எடுத்துப்போவான். கணக்கு எப்போதும் பாக்கி. போலீஸ் வந்த அன்றைக்கு முன்னால் நின்று வீட்டைக் காட்டியவர் அந்தக் கிராணிதான். "இந்தப் பொம்பளையால தோட்டத்துக்கே கெட்ட பேரு" என்றார். அத்தை வாயைத் திறக்கவில்லை. நான் பள்ளிச் சீருடையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதே தோட்டத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை ஒன்று இருந்தது. அதில் தலைமுறை தலைமுறையாக நம் ஆட்களின் சம்பளம் கரைந்தது, அதற்குப் போலீஸ் வரவில்லை. எங்களுக்கு முந்தைய தலைமுறை கெடாவில் தொண்டர் படை அமைத்து, 1947-இல் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடையை மூடச் சொல்லி மறியல் செய்தபோதுதான் போலீஸ் வந்தது. கடையை மூட அல்ல, மறியல் செய்தவர்களை அடிக்க. நம் தாத்தாக்களின் கதை இது. இது தெரிந்த பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டு, டாமின் பணம் கௌரவமான பணம் என்று எப்படி அம்மா பேசுகிறீர்கள்?

கேட்ஸ்பியைப் புனிதனாக்கு என்று நான் சொல்லவில்லை. அவன் விற்றது சாராயம்தான், கூட்டாளி சூதாடிதான். ஆனால் ஒன்றை மறக்காதே. இளைஞனாக அவன் உழைத்த முதலாளி டான் கோடி உயிலில் அவனுக்கு எழுதிவைத்தது 25,000 டாலர். சட்டத்தின் ஏதோ ஒரு நுணுக்கத்தால் அது அவன் கைக்கு வரவேயில்லை. சட்டம் அவனுக்குக் காட்டிய முகம் அது. டாமுக்கு அது எந்த முகத்தைக் காட்டியது? மேர்ட்டலின் மூக்கை உடைத்தான், கேள்வி இல்லை. கார் ஓட்டி அவளைக் கொன்றது டெய்ஸி. அந்தக் கார் கேட்ஸ்பியுடையது என்று மேர்ட்டலின் கணவனிடம் சொன்னது டாம், கேள்வி இல்லை. அந்தக் கணவன் கேட்ஸ்பியைச் சுட்டுவிட்டுத் தானும் செத்தான். மூன்று பேர் செத்தார்கள். டாமும் டெய்ஸியும் விலாசம்கூட வைக்காமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விருந்துக்கு நூற்றுக்கணக்கில் வந்த கூட்டத்தில் கேட்ஸ்பியின் சாவுக்கு வந்தவன் மூக்குக்கண்ணாடிக்காரன் ஒருவன் மட்டும்.

அடுத்த மாதம் வேறு நாவலுக்குத் தாவிவிடாதீர்கள். ஏழாம் அத்தியாயத்தை மட்டும் சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். தோழி டாமுக்காக வாதாடட்டும், தடுக்காதே. அவள்மேல் எனக்குக் கோபமில்லை, வாயைத் திறந்து நினைத்ததைச் சொன்ன பிள்ளை. அந்த விஸ்கியை டாம் யாரிடம் வாங்கியிருப்பான் என்று மட்டும் அவளிடம் கேள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா