மறுமொழி: 5 வயது மகனுக்கு ஏன் பயாப்சி செய்யவில்லை?

சகோதரி, நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் ஒழுகி உடல் வீங்கும் சிறுநீரக நோய்) வந்த கொழுந்தனாருக்கு உடனே சிறுநீரகப் பயாப்சி (ஊசியால் துளி திசு எடுத்துச் சோதிப்பது) செய்தவர்கள், அதே நோய் வந்த மகனுக்கு அது இல்லாமலே ஸ்டீராய்டு தொடங்கியது அலட்சியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அலட்சியமில்லை, வழக்கமே அதுதான்.

வீக்கம் ஒன்றுதான், திசுவில் தெரிவது வேறு. இந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இருப்பது ‘மினிமல் சேஞ்ச்’, அதாவது மிகச் சிறு மாற்றம் மட்டுமே உள்ள வகை. சாதாரண நுண்ணோக்கியில் திசு இயல்பாகவே தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் வடிகட்டும் செல்களின் பாத நீட்சிகள் தட்டையாகியிருப்பது புலப்படும். 1967 முதல் 1974 வரை பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து 521 குழந்தைகளின் திசுவைப் பார்த்தார்கள். நான்கில் மூவருக்கு இதுதான். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு ஸ்டீராய்டு பலனளித்தது. பிறகு எதற்குச் சின்னஞ்சிறு முதுகில் ஊசி?

பெரியவர்களிடம் அந்த ஊகம் செல்லாது. வடிகட்டும் சவ்வு தடிக்கும் மெம்பிரேனஸ், வடு விழும் எஃப்எஸ்ஜிஎஸ், எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ், திசுவில் புரதம் படியும் அமிலாய்டு என்று காரணங்கள் பல, சிகிச்சையும் வெவ்வேறு.

சுமார் 6 வாரம் தினமும் மருந்து கொடுத்தும் சிறுநீரில் புரதம் போவது நிற்காவிட்டால், சிறுநீர் சிவந்தால், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியே இருந்தால், சி3 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதம் குறைந்தால் மகனுக்கும் பயாப்சி பற்றிப் பேசுவார்கள். நோய் திரும்ப வருவது மட்டும் அதற்குக் காரணமாகாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் திரும்பும், பயப்படாதீர்கள்.

ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவே கூடாது. காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.